கயிறு கட்டிய பந்தோடு மூன்று மாதம்: கோர்ட்டுக்குப் போனால் ஏன் எல்லாம் வெளியே போகிறது?

மொட்டைமாடி | ஞாயிறு, காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். வயது 36. போன வருடம்தான் டென்னிஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும் கோர்ட் கிடைக்கும். அதுவும் கூட ஆடும் நண்பர் ஊரில் இருந்தால்தான்.

மற்ற நாட்களில் தனியாகப் பழக ரிபவுண்ட் ட்ரெய்னர் வாங்கினேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பிளாஸ்டிக் பேஸ், அதில் தண்ணீரோ மணலோ நிரப்ப வேண்டும். அதிலிருந்து நாலு மீட்டர் எலாஸ்டிக் கயிறு, கயிற்றின் நுனியில் பந்து. அடித்தால் கயிறு நீண்டு, பந்தைத் திரும்ப இழுத்து வந்துவிடும். எங்கள் மொட்டை மாடி 35 அடி நீளம். தினமும் அரை மணி நேரம் அடித்தேன். முதல் வாரம் தொடர்ந்து பத்து அடிக்கவே திணறினேன். இப்போது இருநூறு வரை போகிறது. உண்மையிலேயே முன்னேறிவிட்டேன் என்று நம்பினேன்.

நண்பர் வெளிநாடு போயிருந்ததால் மூன்று மாதம் கோர்ட் பக்கமே போகவில்லை. இன்று போனேன். பத்து ஃபோர்ஹேண்ட் அடித்தால் ஏழு பேஸ்லைனை, அதாவது எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டை, தாண்டி விழுந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு இவ்வளவு மோசமாக ஆடவில்லை. மனது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. இந்தச் சாதனத்தால் பழக்கம் கெட்டுவிட்டதா? தூக்கிப் போட்டுவிடலாமா?

பனிநாடு | ஞாயிறு, காலை 11.05

தூக்கிப் போடாதீர்கள். நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறன். இங்கே குளிர்காலம் வந்தால் வெளிக் கோர்ட்டுகளில் நெட்டையே கழற்றிவிடுவார்கள். உள்ளரங்கில் ஆடக் கட்டணம் கட்டுப்படியாகாது. காரை வெளியே விட்டுவிட்டு, கராஜில் இதே சாமானை வைத்துத்தான் இரண்டு குளிர்காலம் ஓட்டினேன். ஏப்ரலில் கோர்ட்டுக்குப் போனபோது கால் மறக்காமல் இருந்தது. அது பெரிய விஷயம். அடி பிசகினது எனக்கும்தான், ஆனால் இரண்டு கிழமையில் சரியாகிவிட்டது.

செம்மண் கோர்ட் | ஞாயிறு, மதியம் 1.30

தம்பி, இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். கயிற்றுப் பந்தை எந்த உயரத்தில் அடிக்கிறீர்கள்? பேஸுக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறீர்கள்? பந்து ஒரு தரம் குத்திய பிறகு அடிக்கிறீர்களா, இரண்டு தரமா?

மொட்டைமாடி | ஞாயிறு, மதியம் 2.10

சார், முழங்கால் உயரம், சில சமயம் அதற்கும் கீழே. பேஸுக்கு ஒரு மீட்டர் பின்னால் நிற்கிறேன். பெரும்பாலும் இரண்டு குத்து. அதற்கு முன் எடுத்தால் ரொம்ப வேகமாக வருகிறது.

செம்மண் கோர்ட் | ஞாயிறு, மாலை 5.45

நினைத்தது சரிதான். உங்கள் கை கெடவில்லை. மூன்று மாதமாக அதற்கு என்ன வேலை கொடுத்தீர்களோ அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறது. கொடுத்த வேலைதான் வேறு.

கயிறு தரையோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் திரும்பி வரும் பந்து எப்போதும் தரையை ஒட்டித்தான் வரும். அதை எடுக்க ராக்கெட்டின் முகத்தைக் கொஞ்சம் வானத்தைப் பார்க்கத் திறந்து, கீழிருந்து மேலே அள்ளுவோம். அள்ளினால் கயிற்றுப் பந்து அழகாகப் போய்த் திரும்பும். இதை ஆயிரக்கணக்கான தடவை செய்துவிட்டீர்கள். கோர்ட்டில் உங்கள் நண்பர் அடிக்கும் பந்து இடுப்பு உயரத்துக்கு எழும்புகிறது. அந்தப் பந்தையும் அதே முகத்தோடு அள்ளினால் பேஸ்லைனைத் தாண்டாமல் வேறு எங்கே போகும்?

இன்னொன்று இதைவிட முக்கியம். கயிற்றுப் பந்து நீங்கள் எப்படி அடித்தாலும் திரும்பி வரும். நெட்டில் மாட்டியிருக்க வேண்டிய அடியும் வரும், பத்தடி வெளியே போயிருக்க வேண்டிய அடியும் வரும். நெட்டின் நடுப்பகுதி 91.4 சென்டிமீட்டர் உயரம், பேஸ்லைனிலிருந்து நெட்டுக்கு 11.89 மீட்டர் தூரம், அந்தப் பக்கமும் அவ்வளவே. டென்னிஸ் ஆட்டமே இந்த அளவுகளோடு நாம் செய்யும் பேச்சுவார்த்தை. கயிறு அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. நீங்கள் எண்ணிய இருநூறு, பந்தை ராக்கெட்டில் சந்தித்த எண்ணிக்கை. உள்ளே விழுந்த அடிகளின் எண்ணிக்கை இல்லை.

பிள்ளைகள் இதே குழப்பத்தோடு என்னிடம் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். உழைப்பில் குறையே இருக்காது. சாதனத்தை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாளையிலிருந்து இப்படிச் செய்யுங்கள். எண்ணுவதை நிறுத்துங்கள். அடித்த பந்து போய், கயிறு முழுக்க நீண்டு, பந்து திரும்புகிற ஒரு கணம் இருக்கிறதல்லவா? அதுதான் எதிராளி பந்தை அடிக்கும் கணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக அந்தக் கணத்தில் இரண்டு காலும் தரையில் இறங்குகிற மாதிரி ஒரு சின்னக் குதி. அதுதான் ஸ்ப்ளிட் ஸ்டெப். உடனே தோள் திரும்ப வேண்டும். பிறகு சின்னச் சின்ன அடியாக வைத்து நகர வேண்டும். அப்புறம் அடிக்காமல், வரும் பந்தை இடது கையால் உடம்புக்கு முன்னால் பிடியுங்கள். ஆமாம், பிடிக்கத்தான் சொல்கிறேன். பிடிக்க முடிந்த இடத்தில்தான் ராக்கெட்டாலும் சரியாக அடிக்க முடியும். இப்படி இருபது பிடித்த பிறகு ராக்கெட்டை எடுங்கள். எட்டுத் தடவை அடித்து, நிறுத்தம். மறுபடி எட்டு. மொத்தம் பதினைந்து நிமிடம் போதும்.

அடியின் நீளத்தையும் உயரத்தையும் சரிசெய்ய இந்தச் சாதனம் வேண்டாம். வெறும் பந்தைக் கையிலிருந்து போட்டு, குத்தி எழும்பும்போது இடுப்பு உயரத்தில் அடியுங்கள். எதிரே ஒரு பழைய போர்வையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் பந்து அதில் பட்டு அங்கேயே விழும்.

சுருள்வில் | ஞாயிறு, இரவு 8.15

பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். சார் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்க ஆசை.

எலாஸ்டிக் கயிறு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு பலமாக இழுக்கும். அதனால் நீங்கள் ஓங்கி அடிக்க அடிக்க அது உங்களிடம் வேகமாகத் திரும்பும். சாதாரணமாக ஆடுகிறவர்களின் ராலியில் (இருவரும் பந்தை மாற்றி மாற்றி அடிப்பதில்), ஒரு தடவை அடித்த பிறகு மறுபடி அடிக்க இரண்டரை, மூன்று விநாடி கிடைக்கும். கயிற்றுப் பந்து அந்த அவகாசத்தைத் தராது. நிதானமாக அடித்தவருக்கு நேரம் கிடைக்கிறது, ஓங்கி அடித்தவருக்குக் கிடைப்பதில்லை. அவசரத்தில் பின்னிழுப்பு குறைந்து, மணிக்கட்டால் தட்டும் பழக்கம் வந்துவிடும்.

இரண்டாவது, பந்து. சர்வதேச விதிப்படி டென்னிஸ் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் போட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். அதாவது பாதிக்குச் சற்று மேல். சாதாரணப் பந்துக்குள் காற்றழுத்தம் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். துளை போட்டுக் கயிறு கோத்தால் அந்த அழுத்தம் போய்விடும். உங்கள் கயிற்றுப் பந்தைத் தலை உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். இடுப்புக்கு எழும்பாவிட்டால் காரணம் இதுதான்.

மூன்றாவது, சுழற்சி. டாப்ஸ்பின், அதாவது முன்பக்கமாக உருளும் சுழற்சி, கொடுத்தால் பந்தோடு கயிறும் முறுக்கிக்கொள்ளும். திரும்பும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பந்தைத் தன் இஷ்டத்துக்குச் சுற்றும். தரையில் குத்திய பிறகு அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. கண்ணுக்கும் காலுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் ‘என் டாப்ஸ்பின் வேலை செய்கிறதா’ என்று அதைப் பார்த்து முடிவுகட்ட முடியாது.

போர்வைக்கு ஓர் அளவும் போட்டுப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், பேஸ்லைனிலிருந்து அடிப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றின் தடையையும் தோராயமாகச் சேர்த்திருக்கிறேன், சுழற்சியைச் சேர்க்கவில்லை. நாலு மீட்டர் தள்ளித் தொங்கும் போர்வையில் பந்து உங்கள் கண் உயரத்தில் பட்டால், கோர்ட்டில் அது நெட்டைத் தாண்டி உள்ளே விழுந்திருக்கும். கையைத் தூக்கினால் விரல் நுனி எட்டுமே, அந்த உயரத்தில் பட்டால் பல மீட்டர் வெளியே போயிருக்கும். மெதுவாக அடிப்பவர்கள் கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயும் வைக்கலாம். போர்வையில் கண் உயரத்துக்கு ஒரு கலர் டேப் ஒட்டிவிடுங்கள்.

மொட்டைமாடி | ஞாயிறு, இரவு 8.40

கலர் டேப் இப்போதே தேடுகிறேன். இரண்டு பேருக்கும் நன்றி சார். கயிற்றுப் பந்தை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன், தொடைக்குக் கீழேதான் எழும்புகிறது.

ஆரஞ்சுப் பந்து | திங்கள், காலை 6.50

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மதுரையில் இருக்கிறோம். என் மகளுக்கு எட்டு வயது. கோர்ட்டுக்குக் கூட்டிப் போனால் பந்து அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அடிப்பதைவிடப் பொறுக்குவதே அதிகம். அழுதுகொண்டு வருவாள். கயிற்றுப் பந்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் டென்னிஸ் மேல் அவளுக்கு ஆசை வந்தது. பந்து திரும்பித் திரும்பி அவளிடமே வருகிறது. அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தவள் நான். எண்ணக் கூடாது, எட்டோடு நிறுத்து என்றெல்லாம் சொன்னால் அது போய்விடும். பெரியவர்களுக்குச் சொல்லும் யோசனை குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று தோன்றுகிறது.

செம்மண் கோர்ட் | திங்கள், காலை 9.10

அம்மா, நீங்கள் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். எட்டு வயதில் ஆசைதான் முதல் பாடம். எண்ணட்டும், ஆடட்டும். அவளிடம் ஒன்றும் திருத்த வேண்டாம்.

அவள் கோர்ட்டில் அழுததற்குக் காரணம் பந்தாக இருக்கலாம். மஞ்சள் பந்து எட்டு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல் எழும்பும். பிள்ளைகளுக்கென்றே உள்ள சிவப்புப் பந்து அதைவிட 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50 சதவீதம், பச்சை 25 சதவீதம். சிவப்புப் பந்துக்கான கோர்ட்டின் நீளமும் சுமார் 11 மீட்டர்தான். 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்து கூடாது என்பது 2012 முதல் சர்வதேச விதி. பத்து வயது வரை மஞ்சள் பந்தையே காட்ட வேண்டாம் என்பேன். வீட்டு வாசலில் ஒரு கயிற்றைக் கட்டி, அந்தப் பக்கம் நீங்கள் நின்று சிவப்புப் பந்தை உருட்டி, தூக்கிப் போட்டு ஆடுங்கள். நீங்கள் டென்னிஸ் ஆடியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். அவள் ஆடும்போது வேறு பிள்ளைகள் கயிறு போய் வரும் வழியில் நிற்கக் கூடாது.

ஆரஞ்சுப் பந்து | திங்கள், காலை 9.35

சிவப்புப் பந்து என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை சார். என் பெயரை ஆரஞ்சு என்று வைத்தது மகளுக்குப் பிடித்த நிறம் என்பதால்தான். ரொம்ப நன்றி.

இடதுகை | திங்கள், இரவு 10.30

பாதுகாப்புப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எனக்கு இரண்டு அனுபவம், இரண்டும் வலித்தது.

மாடியில் வெயிலிலேயே சாதனத்தை வைத்திருந்தேன். வெயிலில் கிடந்தால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். கயிறு பந்தோடு சேரும் முடிச்சுக்குப் பக்கத்தில் விரிசல் இருந்தது, நான் பார்க்கவில்லை. ஓங்கி அடித்தபோது அறுந்து, கயிறு திரும்பிக் கன்னத்தில் அடித்தது. இரண்டு விரல் மேலே பட்டிருந்தால் கண். அன்றிலிருந்து உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடாமல் அடிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் அடிக்கும் முன் கயிற்றை விரலால் நீவிப் பார்க்கிறேன், முடித்ததும் நிழலில் வைக்கிறேன்.

இரண்டாவது, முழங்கை. இடைவிடாமல் முந்நூறு, நானூறு என்று அடித்தேன். ஆறாவது வாரம் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. தண்ணீர் சொம்பைத் தூக்க முடியவில்லை. டென்னிஸ் எல்போதான். பிசியோதெரபிஸ்ட் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: நடுவில் எவ்வளவு நேரம் கைக்கு ஓய்வு கொடுக்கிறீர்கள்? பதில் இல்லை. போட்டியில்கூடப் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே 25 விநாடி வரை இருக்கிறது, பக்கம் மாறும்போது 90 விநாடி. கயிறு அந்த இடைவெளியைத் தராது, நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ராக்கெட்டில் இருந்த பாலியெஸ்டர் நரம்பை மாற்றி மென்மையான நரம்பு போட்டேன், இறுக்கத்தையும் குறைத்தேன். பழையபடி ஆட நாலு மாதம் ஆனது. மொட்டைமாடி, தயவுசெய்து வலி வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

மொட்டைமாடி | செவ்வாய், காலை 7.15

படிக்கும்போதே பதறிவிட்டது. என் கயிற்றைப் போய்ப் பார்த்தேன். முடிச்சுக்குக் கீழே வெள்ளையாகக் கோடு கோடாக இருக்கிறது. இன்று அடிக்கவில்லை, மாற்றுக் கயிறு வாங்கும் வரை அடிக்கப்போவதும் இல்லை. இதை எழுதியதற்கு மனமார்ந்த நன்றி.

பனிநாடு | செவ்வாய், இரவு 9.50

கயிறு வரும் வரைக்கும் சுவர் இருக்கிறதே. சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

பியோன் போர்க் சின்ன வயதில் சுவீடனில் வீட்டு கராஜ் கதவில் அடித்து அடித்துத்தான் பழகினார். அவருடைய முதல் ராக்கெட், அப்பா டேபிள் டென்னிஸ் போட்டியில் வென்ற பரிசு. 1976 முதல் 1980 வரை ஐந்து விம்பிள்டன். அனா இவானோவிச் பெல்கிரேடில் தண்ணீர் வடித்த நீச்சல் குளத்துக்குள் பழகியவர், 2008-ல் பிரெஞ்சு ஓப்பன் வென்றார். 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரம் ஃபெடரர் சுவரோடு வாலி (பந்து தரையில் குத்தும் முன்பே அடிப்பது) அடித்து வீடியோ போட்டு எல்லோரையும் அடிக்கச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் நானும் கராஜில் இறங்கினேன். கோர்ட் கிடைக்காதவர்களுக்கு இந்த ஆட்டத்தில் இடம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

சுவர் கயிற்றைவிட நேர்மையானது. ஒரு மீட்டர் உயரத்தில் சாக்கட்டியால் கோடு போட்டால் அது நெட். கோட்டுக்குக் கீழே பட்டால் தவறு, அவ்வளவுதான். ஆனால் சுவரும் அவசரப்படுத்தும். அதற்கு நான் கண்ட வழி, இரண்டு குத்து விட்டு அடிப்பது, பழைய அழுத்தம் இறங்கிய பந்தைப் பயன்படுத்துவது. வாலிக்கு மட்டும் சுவரை மிஞ்சிய ஆள் இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி நின்று மெதுவாகத் தட்டுங்கள், கை தானாகச் சுருங்கிக் கச்சிதமாகும்.

மொட்டைமாடி | செவ்வாய், இரவு 10.20

அண்ணா, மாடியில் ஹெட்ரூம் சுவர் இருக்கிறது. ஆனால் கீழ் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், சுவரில் அடித்தால் சத்தம் இறங்கும். அதனால் ஹெட்ரூம் சன்ஷேடிலிருந்து போர்வை தொங்கவிட்டு, கையால் போட்டு அடிப்பதை வைத்துக்கொள்கிறேன். கயிற்றுப் பந்தையும் இனி தெருப் பக்கம் பார்த்து அடிக்க மாட்டேன். அறுந்தால் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே போகிறவர்கள் தலையில் விழும் என்று இத்தனை நாள் யோசிக்கவே இல்லை.

செம்மண் கோர்ட் சார், சர்வ் எப்படிப் பழகுவது?

செம்மண் கோர்ட் | புதன், காலை 6.30

சர்வுக்கு ஆளே தேவையில்லை, அதனால்தான் தனியாகப் பழகுபவர்கள் அதில்தான் அதிக நேரம் போட வேண்டும் என்பேன். மாடியில் டாஸ் மட்டும் பழகுங்கள். இடது காலுக்கு ஓர் அடி முன்னால் ராக்கெட்டைத் தரையில் வைத்து, பந்தை மேலே விட்டு, அடிக்காமல் விழ விடுங்கள். ராக்கெட் தலையின் மேல் விழ வேண்டும். பத்தில் ஏழு விழும் வரை வேறு எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நண்பர் வருவதற்கு அரை மணி முன்னால் போக முடியுமா பாருங்கள். ஒரு கூடைப் பழைய பந்தோடு சர்வ் மட்டும் அடிக்கலாம்.

மொட்டைமாடி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.40

இன்று கோர்ட்டிலிருந்து நேராக வந்து எழுதுகிறேன். மூன்று வாரத்தில் செய்தது இதுதான்: வாரத்தில் நாலு நாள் கயிற்றுப் பந்து பதினைந்து நிமிடம், அதில் பாதி நேரம் பிடிப்பது. அப்புறம் போர்வையில் முப்பது ஃபோர்ஹேண்ட், முப்பது பேக்ஹேண்ட். கடைசியில் டாஸ்.

முதல் வாரம் போர்வையில் டேப்புக்கு மேலேதான் எல்லாம் பட்டது. சுருள்வில் சார் சொன்ன விரல் நுனி உயரம். ஏழு பந்து வெளியே போன மர்மம் கண்ணெதிரே தெரிந்தது. ராக்கெட் முகத்தைக் கொஞ்சம் மூடி, பந்தை இன்னும் முன்னால் சந்தித்தபோது டேப்புக்குப் பக்கத்தில் இறங்கியது.

இன்று ஃபோர்ஹேண்ட் பத்துக்கு ஆறு உள்ளே. பேக்ஹேண்ட் இன்னும் பாதிதான். ஆனால் நண்பர் சொன்னது வேறு விஷயம்: நான் அடிக்கும் முன்னாலேயே நீ நகர ஆரம்பித்துவிடுகிறாய் என்றார். கயிறு திரும்பும் கணத்தில் குதித்துக் குதித்து, அவர் அடிக்கும் கணத்திலும் கால் தானாகக் குதிக்கிறது. நான் யோசிக்கவே இல்லை சார்.

இடதுகை | ஞாயிறு, மதியம் 12.05

முழங்கை எப்படி இருக்கிறது?

மொட்டைமாடி | ஞாயிறு, மதியம் 12.15

வலி எதுவும் இல்லை. புதுக் கயிறு போட்டாயிற்று, கண்ணாடியும் வாங்கியாயிற்று. பேஸில் தண்ணீருக்குப் பதில் எம்-சாண்ட் நிரப்பினேன், இப்போது நகர்வதில்லை. அடுத்த ஞாயிறு சர்வ் கூடையோடு ஆறு மணிக்கே போகிறேன்.

ஆரஞ்சுப் பந்து | ஞாயிறு, இரவு 7.30

இங்கேயும் ஒரு செய்தி. சிவப்புப் பந்து வந்துவிட்டது. வாசலில் துணிக்கொடியைக் கட்டி, நேற்று அவளும் நானும் ஒரே பந்தை இருபத்திரண்டு தடவை மாற்றி மாற்றி அடித்தோம். இந்தத் தடவை எண்ணியது நான்.